ஓணான் விழுந்த பால்

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷம் உப்புச் சுமந்தவள் தனக்கோடி. 2004 டிசம்பரில் கடல் உள்ளே புகுந்ததும் பாத்திகள் எல்லாம் சேறாகிப் போயின. சேற்றில் செத்த மீன் புழுத்துக் கிடந்தது. இரண்டு மாதம் அளத்துப் பக்கம் ஒருத்தருக்கும் வேலை இல்லை. அந்த நேரத்தில்தான் திண்டிவனம் ரோட்டை ஒட்டிய பால்கன்னி குகையில் மண் தோண்ட ஆள் எடுப்பதாகச் சொன்னார்கள். தனக்கோடி உடனே போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அது சுண்ணாம்புக் கல்லில் குடைந்தது போன்ற சின்னக் குகை. கல்யாணமே ஆகாத ஒரு பெண், அரசனுக்குப் பயந்து அதற்குள் ஒளிந்தாளாம். அங்கே ஆடு மேய்க்கிறவன் விட்டுப்போன தாயில்லாக் குழந்தை அழுததைக் கேட்டதும் அவளுக்குப் பால் சுரந்துவிட்டதாம். பாறை அவளை மூடிக்கொண்டு அவள் அம்மனாகிவிட்டாலும் பால் மட்டும் இன்றுவரை கூரையிலிருந்து சொட்டுகிறது என்பது ஊர் நம்பிக்கை. செவ்வாயும் வெள்ளியும் பால் சுரக்காத தாய்மார்கள் வரிசையில் நின்று, அண்ணாந்து நாக்கை நீட்டி அந்தச் சொட்டை வாங்கிக்கொள்வார்கள்.

தோண்டும் வேலையை நடத்தியவள் பஷீரா. கூனிமேட்டுப் பெண், தொல்லியல் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். தனக்கோடிக்கு மண் சலிக்கிற வேலை. முதல் மூன்று வாரமும் வௌவால் எச்சம்தான் வந்தது. முக்காடு போட்டு மூக்கைக் கட்டினாலும் அந்த நெடி தொண்டைக்குள் இறங்கியது. வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்தால் விரலில் அதே நாற்றம். எச்சத்துக்கு அடியில் சாம்பல் வந்தது. சாம்பலுக்கு அடியில் இரண்டு கையில் ஏந்தும் அளவில் சின்னச் சின்னப் பானைகள் வந்தன.

ஏப்ரலில் தனக்கோடியின் மகள் பச்சையம்மா பிள்ளை பெற்றாள். பால் சுரக்கவில்லை. அங்கேயே வேலை செய்கிறவள் என்பதால் தனக்கோடி மகளை வரிசையில் நிற்க விடவில்லை, நேராக உள்ளே கூட்டிப் போனாள். மகள் நாக்கை நீட்டினாள். பேத்திக்கும் ஆகட்டும் என்று, பிஞ்சு வாயைத் தன் விரலாலேயே பிளந்து இரண்டு சொட்டு விழ வைத்தாள் தனக்கோடி. மறுநாளே குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஐந்து நாள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. ஏதோ தீட்டுக் குறை, அம்மனுக்குக் கோபம் என்று நினைத்துத் தனக்கோடி மூன்று வெள்ளி ஒருபொழுது இருந்தாள்.

மே மாதம் ஒரு மத்தியானம், பஷீரா டார்ச் அடித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தனக்கோடி அக்கா, கூரையிலேர்ந்து தொங்குற இந்தச் சுண்ணாம்பு விழுது செத்துப் போனது. இதுல தண்ணி எறங்கியே பல நூறு வருஷம் ஆயிருக்கும்."

"வெள்ளிக்கெழம சொட்டுதேம்மா?"

"அதான் எனக்கும் புரியல. மத்த நாள்ல கை வெச்சுப் பாருங்க, காஞ்சு கெடக்குது."

தனக்கோடி கை வைத்துப் பார்த்தாள். அடுப்புக்கல் போலக் காய்ந்து கிடந்தது. அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் குகையின் பின்பக்கமாகப் பாறைமேல் ஏறினாள். உச்சியில் காரைப் புதர் மறைவில் ஒரு சின்ன நீல பிளாஸ்டிக் டிரம். அதிலிருந்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஒன்று பாறை வெடிப்புக்குள் இறங்கியது. குகைக் கோயில் கமிட்டித் தலைவர் காசிலிங்கம் டிரம்மைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். சுண்ணாம்பும் பால் பவுடரும் கரைத்த தண்ணீர். அதன்மேல் வயிறு உப்பிய ஓணான் ஒன்று மல்லாந்து மிதந்தது.

"இன்னாய்யா இது?"

காசிலிங்கம் திடுக்கிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சத்தம் போடாத தனக்கோடி. சொட்டு நின்னு போச்சுன்னு தெரிஞ்சா எவ வருவா? எங்கப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான் நடக்குது."

"உள்ள ஓணான் செத்துக் கெடக்குதுய்யா!"

அவர் எட்டிப் பார்த்தார். ஓணானைக் குச்சியால் நெம்பித் தூர எறிந்தார். அதே குச்சியை மறுபடி உள்ளே விட்டுக் கலக்கினார்.

"எடுத்தாச்சு, போ."

தனக்கோடி பேத்தியின் வாயைப் பிளந்த விரலைப் பார்த்தாள். அந்த விரலையே வெட்டி எறியலாம் போல இருந்தது. டியூபைப் பிடுங்கினாள். காசிலிங்கம் தடுக்க வந்தபோது தோளால் இடித்துத் தள்ளினாள். பாதி நிறைந்திருந்த டிரம்மை உப்புக்கூடை தூக்குவதுபோல ஒரே மூச்சில் தலையில் ஏற்றி, பாறைப்படியில் இறங்கினாள். நாறிய தண்ணீர் தளும்பி முகத்தில் வழிந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

வரிசையில் நாற்பது பெண்களாவது நின்றிருப்பார்கள். அவர்கள் காலடியில் டிரம்மைக் கவிழ்த்தாள். வெள்ளைத் தண்ணீரோடு அடியில் தங்கியிருந்த கசடும் அழுகிய பூச்சிகளும் தரையில் பரவின.

"இதாண்டி நீங்க குடிச்ச பாலு! எம் பேத்தி வாயிலயும் இதைத்தான் ஊத்தினேன்!"

முன்னால் நின்ற ஒருத்தி அங்கேயே வாந்தி எடுத்தாள். சிலர் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். ஆனால் பின்னால் நின்ற ஒரு பெண் ஓடி வந்து தனக்கோடியின் முடியைப் பிடித்தாள். "அம்மன் பால கொட்டிட்டியேடி பாவி!" இன்னும் இரண்டு பேர் அடித்தார்கள். பஷீரா குழியிலிருந்து ஏறி வந்து அவளை இழுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இதையெல்லாம்விடத் தனக்கோடிக்கு அருவருப்பாக இருந்தது வேறொன்று. ஒரு கிழவி குனிந்து, தரையில் ஓடிய அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நெற்றியில் பூசிக்கொண்டாள்.

டிரம் கோயிலுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்தது என்று காசிலிங்கம் பஞ்சாயத்தில் சாதித்தார். வெளியாட்கள் தோண்டியதால்தான் அம்மன் கோபித்தாள் என்றும் சொன்னார். இரண்டு வாரத்தில் தோண்டும் வேலை நின்றது. குழியை மூடி அதன்மேல் டைல்ஸ் போட்டார்கள். அடுத்த ஆடிக்குள் சொட்டு திரும்ப விழ ஆரம்பித்தது.

2006-ல் அளம் சீராகி, தனக்கோடி பழையபடி உப்புச் சுமந்தாள். ஒருநாள் பஷீரா அவளைத் தேடிப் பாத்தி வரப்பில் நடந்து வந்தாள்.

"அந்தச் சின்னப் பானையெல்லாம் குழந்தைங்களைப் பொதைச்சது அக்கா. உள்ள சின்னச் சின்ன எலும்பு இருந்துச்சு. ரெண்டாயிரம் வருஷம் இருக்கலாம். ஒவ்வொண்ணு மேலயும் அகல் வெச்சிருக்காங்க."

தனக்கோடி கூடையை இறக்கி வைத்தாள்.

"பொதைச்ச எடத்துல நின்னுதானா நாங்க நாக்க நீட்டினோம்?" என்றாள்.

பச்சையம்மாவின் குழந்தை இப்போது ஓடி விளையாடுகிறது. அதைப் பார்க்கத் திண்டிவனத்தில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் பஸ் பால்கன்னி குகை வளைவில் திரும்பும். பஸ்ஸில் உள்ளவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தனக்கோடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் காறித் துப்புவாள். கண்டக்டர் திட்டுவார். அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள்.