முன்கேட்டில் புறப்பட்டு ஸ்டோர் ரூமுக்கு

வேலை கிடைத்துவிட்டது என்று போனில் சொன்னார்கள். நான் கேட்ட முதல் கேள்வி, "கரண்ட் போயிட்டா என்ன செய்றது?" அடுத்த கேள்வி, "இன்டர்நெட் போயிட்டா?" இடி விழுந்தால் என்று கேட்பதற்குள் என் கணவர் போனைப் பிடுங்கி, "தேங்க் யூ, தேங்க் யூ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

"ஒனக்கு வேல குடுத்தவங்கள இப்பவே பயமுறுத்தாத லா" என்றார்.

சிங்கப்பூரில் ஏர்கான் சர்வீஸ் செய்யும் ஒரு சின்ன கம்பெனி அது. தண்ணீர் சொட்டுகிறது, காற்று வரவில்லை, பல்லி உள்ளே செத்துக் கிடக்கிறது என்று ஆட்கள் போன் செய்வார்கள். நான் பாலத்துக்கு இந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர் பாருவில் என் வீட்டில் உட்கார்ந்தபடியே அதைக் கேட்டு, எந்த நாளில் ஆள் வருவான் என்று குறித்துக் கொடுக்க வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வேண்டும் என்றார்கள். நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவள். என் ஆங்கிலம் முழுக்க முழுக்கத் தொழிற்சாலையில் திட்டு வாங்கிக் கற்றது. அதனால் மன்னிப்புக் கேட்கும் வாக்கியங்கள் மட்டும் பிழையில்லாமல் வரும். புகார் கேட்கிற வேலைக்கு வேறென்ன வேண்டும்?

மூன்று மாதம் பார்ப்போம், அதற்குப் பிறகுதான் நிரந்தரம் என்றார்கள். ஒவ்வொரு அழைப்பும் பதிவாகும். வீட்டுச் சத்தம் கேட்கவே கூடாது.

இந்த வேலை நிலைக்காவிட்டால் எனக்கு மிச்சம் இருந்தது பாலம் ஒன்றுதான். நான் இருந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். மற்றவர்களைப் போல விடியுமுன் பஸ் ஏறி, பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் துப்புரவு வேலைக்குப் போக வேண்டும். முன்பு ஒரு தடவை போய்ப் பார்த்தேன். பாஸ்போர்ட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று வழியெல்லாம் தடவிக்கொண்டே போனதில், குடிநுழைவுச் சோதனையில் இருந்த அம்மா எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்தார். நான்கு நாளில் நின்றுவிட்டேன். அந்தப் பாலத்தை நினைத்தாலே இப்போதும் என் கை ரவிக்கைப் பக்கம் போகும்.

ஆகவே, அலுவலகம் அமைக்கும் வேலை தொடங்கியது.

வீட்டில் அலுவலகம் அமைப்பது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்தேன். வெள்ளை மேசை, ஒரு செடி, இடது பக்கம் காலை வெயில். அந்த ஆள் மெதுவாக ஒரு கோப்பை காபியை எடுத்து, குடித்து, சிரித்து, மறுபடி கீழே வைத்தான். அவன் வீட்டில் மாமியார் இல்லை என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

எங்கள் வரிசை வீட்டில் மூன்று அறை. ஒன்று எங்களுக்கு, ஒன்று மாமியாருக்கு. பினாங்கில் படிக்கிற மகனின் அறை காலியாக இருந்தாலும் அது தெருவைப் பார்த்தது. காலையில் ரொட்டிக்காரர் ஹாரன், பத்து மணிக்கு மீன்காரர் ஹாரன், இடைவெளியில் எதிர்வீட்டு நாய். கடைசியாக மிஞ்சியது, சமையலறைக்குப் பின்னால் நாங்கள் ஒட்டுப்போட்டுக் கட்டிய ஸ்டோர் ரூம். ஒரு பிளைவுட் கதவு சமையலறைக்குத் திறக்கும், ஓர் இரும்புக் கதவு பின் சந்துக்குத் திறக்கும். உள்ளே அரிசி மூட்டை, உடைந்த மின்விசிறி, கணவரின் தூண்டில்கள், உபரி கேஸ் சிலிண்டர்த் தோம்பு. தோம்பை முதல் வேலையாக வெளியே தள்ளினேன். அது வெளியே போன பிறகும் ஒரு வாரம் மூக்கை நீட்டி நீட்டி மோந்து பார்த்தேன்.

மேசைக்குத் தையல் மெஷின். காலால் மிதிக்கிற பழைய மெஷின். தலையை மடித்து உள்ளே இறக்கினால் மேலே நல்ல பலகை. செடிக்கு ஒரு போத்தலில் மணி பிளாண்ட். அது இருட்டில் இரண்டு நாள் நிமிர்ந்து நின்று, பிறகு என் முகத்தைப் பார்த்தே வாடிவிட்டது. சத்தம் கேட்காமல் இருக்கச் சுவரில் முட்டைத் தட்டு ஒட்டலாம் என்று எங்கோ பார்த்திருந்தேன். சீனர் கடையில் போய் காலித் தட்டுகள் கேட்டேன். கடை முதலாளி தௌக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தங்காச்சி, பெலா ஆயாம் கா?"

கோழி வளர்க்கவில்லை, ஆபீஸ் கட்டுகிறேன் என்று மலாயில் சொன்னேன். அவர் இன்னும் பத்துத் தட்டு சேர்த்துக் கொடுத்தார். பாவப்பட்டுத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் வாரத்திலேயே டீம் லீடர் அழைத்தார். என் வயதில் பாதி இருப்பார், சீனப் பெண், அளந்து பேசுவார். என் அழைப்புகளில் ஏதோ கத்துகிறதே, வாத்து வளர்க்கிறாயா என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே "க்வாக், க்வாக்" என்று கேட்டது. குனிந்து பார்த்தேன். என் கால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தது. பயம் வந்தால் என் கால் தானாகவே தைக்கத் தொடங்கிவிடும்போல. அன்று மாலை கணவர் எண்ணெய் விட்டார். அதற்குப் பிறகு நான் சத்தமில்லாமல் பயப்பட்டேன்.

மெஷினுக்கு எண்ணெய் விடலாம். மாமியாருக்கு என்ன விடுவது?

என் மாமியார் நல்லவர். ஆனால் கதவு என்பது திறப்பதற்கு என்று நம்புகிறவர். ஸ்டோர் ரூமைப் பூட்டினால், "உள்ள மயங்கிக் கெடந்தா யாருக்குத் தெரியும்?" என்பார். அதைக் கேட்ட பிறகு எனக்கும் பூட்டப் பயமாகிவிடும். ஒருநாள் சிங்கப்பூர்த் தமிழ் அம்மா ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் வீட்டு ஏர்கான் கட்டில்மேல் சொட்டுகிறதாம். கதவு திறந்தது.

"ஏம்மா, இன்னிக்கிச் சட்னிக்கி எத்தன மொளகா போடுறது?"

நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் என் விரல்களை எண்ணினார்.

"பத்தா?"

போனுக்குள்ளிருந்து அந்த அம்மா, "பத்தெல்லாம் வேணான்னு சொல்லுங்க. அஞ்சு போதும். வயித்துப் புண்ணு வந்துரும்" என்றார்.

அதற்கு மேல் ஏர்கானைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. வெங்காயத்தை வதக்கிப் போடுவதா பச்சையாகவா என்பதில் அழைப்பு முடிந்தது. அவர் என்னைப் பாராட்டி எழுதியிருந்தார். அதனால்தான் டீம் லீடர் அந்தப் பதிவை எடுத்துக் கேட்டார். மிளகாய் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது, ஆனால் அது ஏர்கானில் ஒரு பாகமில்லை என்பது தெரிந்திருந்தது. மறுபடியும் வீட்டுச் சத்தம் கேட்டால் மேலே சொல்லவேண்டிவரும் என்றார்.

மாமியாரோடு முடிந்ததா? பக்கத்து வீட்டு அக்கா வேறு இருந்தார். பானையிலிருந்து லிப்ஸ்டிக் வரை எல்லாவற்றையும் போனில் வாங்குகிறவர். "நீ வீட்லதானே இருக்க, தங்கச்சி" என்று என் பெயரைப் போட்டுவிடுவார். அவருடைய பார்சல்கள் எங்கள் கேட்டுக்கு வரும். கேட்டை உலுக்கினால் பின்னால் ஸ்டோர் ரூம் வரை அதிரும். வேலை செய்கிறேன் அக்கா என்றால், "தெரியும் லா, வீட்லதானே?" என்பார். நான் தொழிற்சாலையில் திருகாணி முடுக்கிய வருஷங்களில் எவரும் எனக்குப் பார்சல் அனுப்பவில்லை, சட்னி கேட்கவில்லை. அதே நான், அதே எட்டு மணி நேரம். வீட்டுக்குள் உட்கார்ந்ததும் என்னைச் சும்மா இருப்பவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

இரவுச் சாப்பாட்டில் நான் புலம்பினேன். கணவர் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி வேலைக்குப் போய்வருகிறவர், அப்போதே பாதித் தூக்கத்தில் இருந்தார்.

"பேசாம நீயும் வேலைக்குப் போயிரு" என்றார்.

"எங்க?"

"ஸ்டோர் ரூமுக்குத்தான்."

கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் நான் இரவெல்லாம் புரண்டு யோசித்தேன். காலையில் மாமியார் முன்னால் போய் நின்றேன்.

"அத்தை, எட்டு மணியிலருந்து நான் வீட்ல இல்ல."

"அப்ப எங்க இருப்ப?"

"ஸ்டோர் ரூம்ல."

"அது வீடுதானேம்மா?"

"இல்ல. ஆபீஸ்."

அவர் யோசித்தார். "பகலுக்குச் சோறு?"

"கட்டிக்கிட்டுப் போறேன்" என்று டிபன் கேரியரைக் காட்டினேன்.

அதைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது. நான் சொன்னது எதையும் அவர் நம்பவில்லை, கேரியரை நம்பினார். சோறு கட்டிக்கொண்டு போகிறவள் வேலைக்குப் போகிறவள். அவர் வாழ்க்கையில் பார்த்த, வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள்.

காலில் தொழிற்சாலைச் சப்பாத்தைப் போட்டேன். கைப்பை, கேரியர், குடை. "போயிட்டு வர்றேன் அத்தை" என்று முன்கேட்டைத் திறந்து வெளியேறினேன். பக்கத்து வீட்டு அக்கா செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "இப்ப ஆபீஸ்ல வேலையா தங்கச்சி?" என்றார். "ஆமாங்க்கா" என்றேன், பொய் இல்லை. எங்கள் வரிசையின் கடைசி வீடு வரை நடந்து, திரும்பி, பின் சந்து வழியாக வந்து, இரும்புக் கதவைத் திறந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். வேர்த்திருந்தது. ஆனால் வேலைக்கு வந்ததுபோல் இருந்தது.

அதிசயம் என்னவென்றால், அது பலித்தது. பார்சல்காரன் வந்தால், "மருமக வேலைக்குப் போயிட்டா" என்று மாமியார் திருப்பி அனுப்பினார். போனில் தங்கையிடம், "அவ வர சாயந்தரம் ஆவும்" என்று சொன்னார். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பிளைவுட் கதவுதான். மதியம் நான் இந்தப் பக்கம் கேரியரைத் திறந்து சாப்பிடுவேன், அவர் அந்தப் பக்கம் தனியாகச் சாப்பிடுவார். சில நாள் குழம்பில் உப்பில்லை என்று அவர் தனக்குத்தானே முணுமுணுப்பது கேட்கும். நான் ஆபீஸில் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

பின் சந்தில் ஒரு கறுப்பு நாய் உண்டு. கடிக்காது என்று சொன்னார்கள், எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அது படுத்திருக்கும் நாள்களில், அது எழுந்து போகும்வரை சந்து முனையில் குடையோடு நிற்பேன். அதுதான் வினையாகப் போனது.

மூன்று மாதத்தின் கடைசி வாரம், டீம் லீடர் வீடியோவில் வந்தார். அன்றைக்குத்தான் முடிவு. வீட்டில் நான் சொல்லவில்லை. சொன்னால் மாமியார் சூடம் கொளுத்தி மணியடிப்பார். டீம் லீடர் என் அழைப்புகளைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருக்கும்போது, சமையலறையில் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் கேட்டது. அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். சொல்லாம இருக்க மனசு கேக்கல. ஒங்க மருமக வேலைக்கே போகல."

என் கால் மிதிக்கத் தொடங்கியது.

"என் கண்ணால பாத்தேன்மா. முன்கேட்டுல டிப்-டாப்பா கெளம்புது, பின் சந்துல கொடையப் புடிச்சிக்கிட்டு சும்மா நிக்குது. வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க போல. வீட்ல சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு…"

டீம் லீடர் படிப்பதை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். எனக்குப் பாலம் தெரிந்தது. பஸ் தெரிந்தது. கை ரவிக்கைப் பக்கம் போனது.

அப்போது என் மாமியார் ரகசியம் பேசினார். அவருடைய ரகசியம் மற்றவர்களின் கூச்சலுக்குச் சமம்.

"ஷ்ஷ்! வாய மூடு! உள்ள ஆபீஸ் நடக்குது!"

பிறகு ஏதோ பாத்திரம் உருண்டது. செருப்புச் சத்தம் அவசரமாக வாசலுக்குப் போனது. முன்கேட்டைச் சாத்துவது கேட்டது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் கேட்டே இராத ஓர் அமைதி.

"ஹூ இஸ் தாட்?" என்றார் டீம் லீடர்.

உண்மையைச் சொல்வதா, டிவி என்பதா, எதிர்வீடு என்பதா? என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொல்லிவிட்டது.

"செக்யூரிட்டி, மேடம்."

அவர் திரையில் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடித்தார், புரையேறியது, நான் பயந்து "சீ டாக்டர், மேடம்" என்றேன், மறுபடி சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யுவர் செக்யூரிட்டி வெரி லவுட், லா" என்றார். கடைசி மாதத்தில் என்மீது ஒரு புகாரும் இல்லை, கடிதம் அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். நிரந்தரமா என்று மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை அவர் கொஞ்சம் சலித்துக்கொண்டார், அதனால் நான்காவது தடவை கேட்கவில்லை.

ஐந்து மணிக்குச் சப்பாத்தை மாட்டி, கேரியரை எடுத்து, பின் சந்து சுற்றி முன்கேட்டில் வந்து நின்றேன். பிளைவுட் கதவைத் திறந்தால் இரண்டே எட்டு. ஆனால் வேலை முடிந்து வருகிறவள் அப்படியா வருவாள்? மாமியார் கேட்டைத் திறந்தார்.

"என்னம்மா, கதவு வழியா ஒன் மேடம் சத்தம் கேட்டுச்சே, என்ன சொன்னாங்க?"

"நிலையாயிருச்சு அத்தை."

"ம்" என்றார். கேரியரை வாங்கிக் குலுக்கிப் பார்த்தார். "நான் இல்லன்னா இன்னிக்கி அவ ஒன் பொழப்பக் கெடுத்துருப்பா."

"ஆமாங்க அத்தை. நீங்கதான் ஆபீஸ் செக்யூரிட்டின்னு மேடம்கிட்ட சொல்லிட்டேன்."

அவர் உள்ளே போனார். சிரிப்பார் என்று நினைத்தேன். அடுப்பில் டீத்தண்ணீர் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அங்கிருந்தே குரல் வந்தது, இந்தத் தடவை ரகசியமில்லாமல்.

"அப்பன்னா வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போவணும். எனக்கு அரை நாள் லீவு வேணும்னு ஒன் மேடம்கிட்ட சொல்லிரு."