காதுக்குப் பின்னால் வந்த வீக்கம்

"அம்மாளை வீட்டில் வைத்துவிட்டு வெளிக்கிட்டவள்" என்று அஜந்தாவைப் பற்றிக் கிரான் ஊரில் இன்னும் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். அவள் மாமியோடு சண்டை பிடித்துக்கொண்டு போகவுமில்லை, சாமியை மதிக்காமல் போகவுமில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் அவளைப் போல, நோயாய் வீட்டில் இறங்கும் அம்மாள் தெய்வத்துக்குப் பயந்தவர்கள் வேறு யாருமில்லை.

மகன் தனோஜனுக்கு நாலு வயது. தடிமனும் காய்ச்சலும் பிடித்து மூக்கு ஒழுகி, பிறகு காது குத்துகிறது என்று விடாமல் அழுதான். புருஷனின் தாய், மாமி இரத்தினம்மா, தேங்காயெண்ணெயில் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிக் காதுக்குள் விட்டாள். மறுநாள் மஞ்சளாகச் சீழ் வழிந்தது, வலியும் நின்றது.

"பாத்தியா புள்ள, கெட்ட தண்ணியெல்லாம் வெளியால போயிட்டு" என்றாள் மாமி. அஜந்தாவும் நம்பினாள். பிள்ளை சிரித்து விளையாடும்போது நம்பாமல் என்ன செய்வது?

பிறகு காய்ச்சல் திரும்பி வந்தது. காதடியில் வீக்கம். மாமி தொட்டுப் பார்த்து, "கூகைக்கட்டு. அம்மாள் வந்திட்டா" என்று வாசலில் வேப்பிலை செருகினாள். அம்மாள் இறங்கிய வீட்டிலிருந்து பிள்ளையை வெளியே எடுப்பதில்லை, மருந்தும் கொடுப்பதில்லை. மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அஜந்தா மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டாள்.

மனம் மட்டும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அயலில் கூகைக்கட்டு வந்த பிள்ளைகளுக்குக் கன்னமல்லவா வீங்கியது? இவனுக்குக் காதுக்குப் பின்னால் சிவந்து புடைத்திருந்தது. ஒரு காது தலையோடு ஒட்டிக் கிடக்க, மற்றது முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. கூப்பிட்டால் திரும்புவதும் குறைவு. சினத்தில் திரும்பவில்லையா, கேட்கவில்லையா? அம்மாள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதமாக வருவாளோ?

புருஷன் தூரத்து வயல் வட்டையில் வேளாண்மைக் காவலுக்கு நின்றான். அங்கே போன் பிடிக்காது. கிணற்றடிக்குப் போய், ஊர்ப் பிள்ளைகளைப் பார்க்க வரும் மருத்துவிச்சி மிட்வைப் மிஸிக்குப் போன் எடுத்தாள்.

"காது முன்னுக்குத் தள்ளி நிக்குதா?"

"ஓம் மிஸி. நெருப்பாக் கொதிக்குது. ஆனா அம்மாள் வந்த வீடு..."

"இது கூகைக்கட்டு மாதிரித் தெரியல்ல தங்கச்சி. சீழ் காதுக்குப் பின்னால எலும்பைப் பிடிச்சிருந்தா மூளைக்கும் ஏறும். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. காதுக்குள்ள இனி ஒண்டும் விட வேணாம்."

மிஸி சொல்வது சரியா, மாமி சொல்வது சரியா? யோசித்துக்கொண்டே உள்ளே வந்தாள். தண்ணீர் குடிக்க எழும்பிய தனோஜன் இரண்டடி வைத்ததும் தள்ளாடிச் சுவரைப் பிடித்தான். ஓடிப்போய்த் தூக்கினாள்.

"எங்க புள்ள வெளிக்கிடுறாய்? அம்மாள் கோவிச்சா?"

"கோவிச்சா என்னோட கோவிக்கட்டும் மாமி. இவனை விட்டிரச் சொல்லி அம்மாளிட்டக் கேட்டுக்கொண்டே போறன்."

செய்வது சரியா பிழையா என்று அப்போதும் அவளுக்குத் தெரியாது. பிள்ளையின் சூடான தலையைத் தோளில் சாய்த்து, "அம்மாளே, அம்மாளே" என்று முணுமுணுத்தபடி, வாசல் படலையைத் திறந்து ஆஸ்பத்திரிக்குப் போக றோட்டில் ஏறினாள்.