ஆறாவது ஆளுக்கு நான் போட்ட மார்க்

எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி இருக்கும் ஒரு கிரேன் பயிற்சி மையத்தில் நான் வாத்தியார். அதற்கு முன் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடம் கன்டெய்னர் கிரேன் ஓட்டினேன். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்தபடியே ஷிப்டு முழுக்க ஓட்ட வேண்டும். கழுத்தெலும்பு தேய்ந்து இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும், இனிமேல் கூண்டு ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் சொல்லிக்கொடுக்க வந்தேன்.

வந்த இடத்திலும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். தலைமைப் பயிற்சியாளர் பதவி எனக்கு வரும் என்று நம்பியிருந்தேன். என்னைவிட ஆறு வயது சின்னவருக்குப் போனது. அதை முடிவு செய்தவர் எங்கள் துறைமுகத் தொழிலாளர் சங்கத் தலைவர். என் அப்பா மூட்டை தூக்கிய காலத்திலும் அவர்தான் தலைவர். எண்பது வயதைத் தாண்டியும் அவர்தான். எந்த வேலைக்கு யார் என்று கேட்டாலும் அவர் வாயில் முதலில் வருவது 'நம்மாளு' என்ற வார்த்தை. அவருடைய சாதிக்காரர் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். நான் வேறு சாதி. என்னை அந்தத் தலைமைப் பயிற்சியாளர் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். நான் வேண்டுமென்றே அவரை 'சார்' என்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கும். அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்படிப்பட்ட நாளில்தான் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரை நாடு ஒன்றிலிருந்து ஆறு பேர் எட்டு வாரப் பயிற்சிக்கு வந்தார்கள். அவர்கள் துறைமுகத்துக்குப் புதுக் கிரேன்கள் வரப்போகின்றன, ஓட்ட ஆள் வேண்டும். கூடவே ஓர் அதிகாரி. திருவொற்றியூரில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்திருந்தோம். பெயர்கள் என் வாயில் நுழையாததால் ஹெல்மெட்டில் நம்பர் ஒட்டினேன். ஐந்து பேர் ஒன்றாகச் சாப்பிட்டார்கள், ஒன்றாகச் சிரித்தார்கள், தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். ஆறாவது ஆள் தனியாக இருந்தார். முப்பது வயதிருக்கும். கப்பலில் கன்டெய்னர்களைக் கம்பி போட்டுக் கட்டுகிற தொழிலாளியாக இருந்தவர்.

மூன்றாம் நாள் அவர்களைக் கூண்டில் ஏற்றினேன். கிரேன் ஓட்டுவதில் ஒரே ஒரு விஷயம்தான் கஷ்டம். கயிற்றில் தொங்குகிற கன்டெய்னர் பெட்டி, மேலே தண்டவாளத்தில் அதை இழுத்துக்கொண்டு ஓடும் வண்டியை நிறுத்திய பிறகும் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடும். அது எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே மேலிருக்கும் வண்டியைச் சரியான கணத்தில் கொஞ்சம் நகர்த்தினால் ஆட்டம் அப்படியே அடங்கிவிடும். ஆட்டத்தைப் பிடிப்பது என்போம். எனக்கு அது கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. ஐந்து பேரும் பெட்டியை ஆட விட்டுவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாவது ஆள் ஏறினார். முதல் பெட்டி ஆடியது. இரண்டாவது பெட்டி பாதி ஆட்டத்தில் நின்றது. மூன்றாவது, யாரோ கீழேயிருந்து கையால் பிடித்து நிறுத்தியது போல நின்றது.

யார்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். என்னோடு பல வருடம் வேலை செய்த சிக்னல்காரர் என் தோளில் தட்டினார்.

“மாமு, இன்னாபா இது! உன்ன மாரியே ஓட்டுறாம்பா.” கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தப்பா நெனச்சிக்காத, உன்னவிட ஸோக்கா ஓட்டுறான்” என்றார்.

நான் சிரித்தேன். மரத்துப்போன விரல்களைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவருக்கு மத்தியான நேரத்தை ஒதுக்கினேன். எண்ணூரில் மதியத்துக்கு மேல் கடல் காற்று ஏறும். காலிப் பெட்டி காகிதம் மாதிரி திரும்பும். மற்ற ஐந்து பேருக்கும் காலை நேரம். யாரும் காரணம் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் திணற வேண்டும், நான் கீழே நின்று அதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஒரு வாரம் திணறினார். இரண்டாவது வாரம் காற்று பெட்டியைத் திருப்புவதற்கு முன்பே அதை எதிர்பார்த்து வண்டியை நகர்த்தக் கற்றுக்கொண்டுவிட்டார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கே அது அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள். “அந்த அஞ்சி பேரும் ஒண்ணாக் கீறாங்க, இந்தப் புள்ள மட்டும் கடையாண்ட தனியா நின்னு பிஸ்கட் துன்னுகினு இருந்துச்சி. பாக்கவே பேஜாரா கீது” என்றாள். சங்கரா மீன் குழம்பு. அவர் கையால் பிசைந்து அழகாகச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவ எழுந்தார். இருபத்தைந்து வருடத்தில் நான் அந்த வீட்டில் ஒரு தட்டுக் கழுவியதில்லை என்பதை மனைவி அவர் முன்னாலேயே சொல்லிச் சிரித்தாள். அதற்கும் எனக்கு எரிந்தது.

சாப்பிட்ட பிறகு அவர் தன் நாட்டைப் பற்றிப் பேசினார். ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்ல, நான் மனைவிக்குத் தமிழில் சொன்னேன். துறைமுக அமைச்சருக்கு எண்பத்தைந்து வயது. கடற்கரைப் பக்கத்து இனத்தைச் சேர்ந்தவர். துறைமுக வாசல் காவலிலிருந்து உள்ளே கணக்கு எழுதுகிறவர் வரை அவருடைய ஆட்கள்தான். இவர் உள்நாட்டில் ஏரிப் பக்கத்துக்காரர். கூட வந்த ஐந்து பேரும் சிபாரிசுக் கடிதத்தில் வந்தவர்கள். இவர் தேர்வில் முதலாவதாக வந்ததால் தவிர்க்க முடியாமல் சேர்த்துக்கொண்டார்களாம்.

“எங்கள் ஊரில் ஒருவரைப் பார்த்தால் முதல் கேள்வி, நீ யாருடைய ஆள் என்பதுதான். மாஸ்டர், உங்கள் ஊரில் எப்படி?” என்று கேட்டார்.

“இங்கெல்லாம் அப்படிக் கேட்க மாட்டார்கள்” என்றேன்.

அதைத் தமிழில் சொன்னதும் மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “இன்னாய்யா புளுகுற? வாடகைக்கு வூடு கேட்டுப் போனப்ப நம்மள முதல்ல இன்னா கேட்டானுங்க? அத்தச் சொல்லு அந்தத் தம்பிக்கு.”

நான் சொல்லவில்லை.

பயிற்சி முடிய நான்கு நாள் இருக்கும்போது அதிகாரி என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு ஒரு காகிதத்தை வைத்தார். தட்டச்சு செய்த பட்டியல். ஐந்து பேருக்கு முதல் தரம். ஆறாவது பெயருக்கு நேரே ‘மேலும் பயிற்சி தேவை’ என்று இருந்தது. அப்படிப் போனால் ஊரில் அவருக்குக் கிரேன் கிடையாது, மறுபடி கம்பி கட்டத்தான் போக வேண்டும். அது அமைச்சரின் விருப்பம் என்றார் அதிகாரி. பிறகு சாதாரணமாகச் சொல்வதுபோல, தங்கள் துறைமுகத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு பயிற்சியாளர் வேண்டும், குடும்பத்தோடு வரலாம், அமைச்சர் சொல்கிறவர்தான் வருவார் என்றார்.

பட்டியலை எடுத்துக்கொண்டு தலைமைப் பயிற்சியாளரிடம் போனேன். இவர் சிபாரிசில் வந்தவர்தானே, எப்படியும் தலையாட்டுவார், பழி அவர் மேல் போகட்டும் என்று கணக்குப் போட்டேன். அவர் படித்துவிட்டு அதை என்னிடமே தள்ளினார்.

“அண்ணே, கூட நின்னு பாத்தது நீங்க. உங்க கண்ணுக்கு இன்னா தெரிஞ்சிதோ அத்த எழுதுங்க. அவனுங்க சொன்னானுங்கன்னு எழுத வாணாம். பிரச்சினை வந்தா நான் பாத்துக்கறேன்.”

இத்தனை வருடம் நான் வெறுத்த ஆள் சொன்னது இது. எனக்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லாமல் போய்விட்டது. அறைக்குத் திரும்பி மதிப்பீட்டுத் தாளை எடுத்தேன். ஐந்து பேருக்கும் தாராளமாக மார்க் போட்டேன். ஆறாவது தாளில், ‘காற்றில் பெட்டியைக் கட்டுப்படுத்தும் திறன் போதாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வெளிநாட்டு வேலைக்காக எழுதினேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படியாவது இருந்திருந்தால் பரவாயில்லை. எழுதும்போது அந்த வேலை நினைவிலேயே இல்லை. கூண்டில் இருந்த அவருடைய கைகள்தான் நினைவில் இருந்தன. எழுதி முடித்ததும் மனசுக்கு இதமாக இருந்தது. அன்று கான்டீனில் இரண்டு டீ குடித்தேன்.

சான்றிதழ் கொடுக்க அமைச்சரே வந்தார். இருதய வைத்தியத்துக்காக நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு வந்தவர், பார்த்துவிட்டுப் போகலாம் என்று சக்கர நாற்காலியில் வந்தார். கோட்டு அவர் உடம்புக்கு மிகப் பெரிதாக இருந்தது. பெயர்களை அதிகாரி வாசிக்க, ஒவ்வொருவராகக் கும்பிடு மாதிரி குனிந்து வாங்கினார்கள். அமைச்சர் பாதிக் கண் மூடியபடி கொடுத்துக்கொண்டிருந்தார். ஆறாவது ஆள் வந்ததும் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். கம்பி கட்டிக் காய்ப்பு ஏறிய உள்ளங்கை. அவர்கள் பொதுமொழியில் ஏதோ கேட்டார், இவர் பதில் சொன்னார். கிழவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையை விடவே இல்லை. அதிகாரிதான் நாற்காலியைத் திருப்பி நகர்த்தினார்.

என்ன கேட்டார் என்று விசாரித்தேன். “கப்பலில் வேலை செய்த கையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் இளவயதில் அதே வேலைதான் செய்தாராம். நல்லது, நம் துறைமுகத்துக்கு இப்படிப்பட்ட ஆள்தான் வேண்டும் என்றார்.” சொல்லும்போது ஆறாவது ஆளின் முகத்தில் நம்பிக்கை இருந்தது. மதிப்பீட்டுத் தாள் இருந்த உறையை இன்னும் பிரித்திருக்கவில்லை. அந்தப் பட்டியல் கிழவருக்குத் தெரிந்திருக்குமா என்றே எனக்குச் சந்தேகம் வந்தது. அவர் பெயரைச் சொல்லிச் சுற்றியிருந்தவர்கள் செய்த வேலையாகவும் இருக்கலாம்.

சாயங்காலம் ஆறாவது ஆள் தாளோடு என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், காற்றில் முடியவில்லை என்று இருக்கிறது. எந்த நாள் என்று சொல்ல முடியுமா? தெரிந்தால் திருத்திக்கொள்வேன்.”

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேஜையைப் பார்த்துச் சொன்னேன்: “உங்கள் ஊர் அரசியல் உங்களுக்குத் தெரியாததா? என் கையில் ஒன்றும் இல்லை.”

தாளை மடித்துப் பையில் வைத்தார். “புரிகிறது. உங்களை நெருக்கியிருப்பார்கள். என்னால் உங்களுக்குச் சங்கடம், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி என் இரண்டு கைகளையும் பிடித்தார். கிளம்புகிற அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிக்கொண்டு போனார். அவள் ஒரு டப்பா நிறைய நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள்.

ஏழெட்டு மாதத்தில் அமைச்சர் இறந்துபோனார். அந்த அதிகாரியிடமிருந்து எனக்குப் போன் வரவே இல்லை. ஆறாவது ஆளிடமிருந்து பண்டிகை வாழ்த்துகள் மட்டும் வரும். ஒரு வருடம் கழித்து நீளமான செய்தி ஒன்று வந்தது. துறைமுகம் இப்போது வேறு அமைச்சரிடம். அவரும் எழுபதைத் தாண்டியவர், ஆனால் ஏரிப் பக்கத்துக்காரர். அவர் வந்ததும் பழைய ஆட்களைத் தள்ளிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். அந்த அலையில் இவருக்குக் கிரேன் கிடைத்துவிட்டது. அதோடு பதினைந்து ஓட்டுநர்களுக்கு மேற்பார்வையாளர் பதவியும்.

‘எல்லோரும் நான் இனத்தால் வந்தேன் என்கிறார்கள், மாஸ்டர். நான் ஓட்டுவதைப் பார்த்தாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். உங்கள் தாளைக் காட்டி, இவனுக்குக் காற்றில் ஓட்ட வராது என்று எழுதியே இருக்கிறது என்கிறார்கள். இப்போது உங்களை நெருக்க யாரும் இல்லை. உண்மையை எழுதித் தர முடியுமா?’

படித்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், இவனுக்கு மேற்பார்வையாளர் பதவியா என்பதுதான். எனக்குக் கிடைக்காதது. இரண்டு நாள் அதிலேயே வெந்துகொண்டிருந்தேன். பிறகுதான் அவர் கேட்டது மண்டையில் ஏறியது. அவருக்கு நியாயமாக வந்திருக்க வேண்டிய வேலை, சிபாரிசில் வந்ததுபோல ஆகிவிட்டது. அப்படி ஆக்கியது என் கையெழுத்து.

மனைவியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். “அந்த மந்திரிக் கெயவனுங்களயும் உங்க சங்கத் தலைவரையும் இன்னா திட்டு திட்டுன. நீ மட்டும் இன்னா பண்ணிகீற?” என்றாள். அப்புறம் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் தலைமைப் பயிற்சியாளரிடம் போய் நடந்ததைச் சொல்லி, என் மதிப்பீடு பொய் என்று எழுதிய கடிதத்தை நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

“இந்த லெட்டர் அங்க போச்சுன்னா இனிமே நீங்க மார்க் போட முடியாதுண்ணே. மேல ஒத்துக்க மாட்டாங்க.”

“தெரியும்” என்றேன். அன்று வாய் தவறி ‘தம்பி’ என்றும் சொல்லிவிட்டேன் போல, அவர் நிமிர்ந்து பார்த்தார். கடிதத்தின் கீழே தானும் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினார். மார்க் போடும் வேலை என்னிடமிருந்து போனது. இப்போது சொல்லிக்கொடுப்பது மட்டும்தான்.

கடிதம் கிடைத்ததும் ஆறாவது ஆள் நன்றி சொல்லி எழுதினார். கடைசியில் ஒரு வரி: ‘அப்போது உங்களை நெருக்கியது அந்த அதிகாரிதானே?’ பத்து நாள் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, ‘யாரும் இல்லை. நீங்கள் என்னைவிட நன்றாக ஓட்டினீர்கள். அதைத் தாங்க முடியாமல் நானே எழுதினேன்’ என்று அனுப்பினேன். படித்துவிட்டதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. அதற்குப் பிறகு வந்த பண்டிகைக்கு வாழ்த்தும் வரவில்லை. நான் அனுப்பினேன்.