பாவின் அந்தக் கோடி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். டாக்டர் என் நோய்க்கு எம்.எஸ். என்று இரண்டே எழுத்து சொன்னது வசதியாகப் போயிற்று. நரம்பின் மேலுறை அங்கங்கே அழிந்துபோகிறதாம். ஜரிகையில் வெள்ளி தேய்ந்தால் உள்ளே சிவப்பு நூல் தெரியுமே, அப்படி என்று நானே வைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்னால் பல வருஷம் அதைத் தறிக்குழி வலி என்றே நினைத்திருந்தோம். குழியில் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற எங்கள் தெருவில் கால் வலிக்காத ஆள் யார்? வலித்தால் வறுத்த உப்பைத் துணியில் கட்டி ஒத்தடம். எனக்கும் அதேதான். ஒத்தடம் கொடுத்த அன்றைக்கெல்லாம் கால் இன்னும் துவண்டது. இந்த நோய்க்குச் சூடு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது.

தெரிந்து என்ன, வலி போகவில்லை. பாதம் எரியும். கெண்டைக்கால் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொள்ளும். கால் நகர மாட்டேன் என்று சொல்லாத நாளிலும், அடுத்த அடியில் வரப்போகும் வலியை நினைத்து நான் நின்றுவிடுவேன்.

போன மாசியில், தறியில் ஏற்றவேண்டிய எங்கள் பாவு நூலைத் தெருவில் நீட்டினோம். வெயில் ஏறுமுன் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டி, பக்கத்துக்கு ஒருவராக நடந்து அறுந்த இழைகளை முடிச்சுப் போடுவோம். ஒரு பக்கம் எப்போதும் என்னுடையது. மகன் அதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, மறுபக்கத்தைத் தானே எடுத்துக்கொண்டான்.

"நீ வாசல்லயே குந்திக்கினு பாரும்மா. வலிச்சிக்கினே நடக்கணும்னு இன்னா வேண்டுதலா?" என்றான்.

"குந்தினாலும் வலிக்குது, நடந்தாலும் வலிக்குது. நடக்கறேன் போ."

ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்தப் பெண் ஒதுங்கி வழிவிட்டாள். பாதித் தூரம் நன்றாகவே இழை முடிந்துகொண்டு போனேன். அங்கே வலது கால் கட்டையாக நின்றுவிட்டது. பாவைப் பிடித்தால் விழமாட்டேன். ஆனால் பாவு போய்விடும். பிடிக்கவில்லை. அப்படியே தெருவில் உட்கார்ந்தேன்.

மருமகள் ஓடிவந்தாள். "போதும் அத்த, உள்ள போலாம்."

"உள்ள எதுக்கு? மூலையில நிக்குதே சக்கர நாற்காலி, அதத் தள்ளிக்கினு வா."

மகன் வாங்கிவந்த நாளாக நான் தொடாத நாற்காலி. அதில் உட்கார்ந்தால் வீட்டோடு முடக்கிவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

"அதுல குந்தவே மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணீங்களே?"

"சாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ தள்ளு."

உட்கார்ந்ததும் பாவு மார்புக்கு நேராக வந்தது. மற்றவர்கள் குனிந்து முடிகிறார்கள். நான் நிமிர்ந்து முடிந்தேன். மருமகள் அவசரப்பட்டாள், மெதுவாகத் தள்ளச் சொன்னேன். வெயில் வருவதற்குள் அந்தக் கோடியைத் தொட்டோம்.

அங்கே மகன் நின்றிருந்தான். "இன்னும் வலிக்குதாம்மா?"

"வலிக்குது. உன் பக்கம் ரெண்டு இழயக் கட்டாம வுட்டுட்ட. நாற்காலியத் திருப்பு."