ஒன்பதாம் கதவின் கூரை

"சுலாவ் அனாக் ஞண்டாங். பெண். வயது ஐம்பத்தெட்டு. இல்லத்தரசி. தொழில் எதுவுமில்லை. உயரமான இடங்களில் ஏற இயலாதவர். கூரை மாற்ற உதவி தேவை."

அரசாங்கத்தின் கூரைத் தகர உதவிப் பட்டியலில், நீள்வீட்டின் ஒன்பதாம் கதவுக்கு நேரே இப்படித்தான் எழுதியிருந்தது. பின்துலு நகரத்து எரிவாயு ஆலையில் வருடக்கணக்காகச் சாரம் கட்டியவள் சுலாவ். தென்னை உயரத்தில் ஒற்றைக் குழாய்மேல் உட்கார்ந்து சோறு தின்றவள். உலகத்தில் அவளுக்குப் பயம் சேவல் ஒன்றிடம்தான். பட்டியல் எழுத வந்தவர் அவளைப் பார்த்தபோது ஒரு சேவல் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அவளுடைய நடுக்கத்தை அவர் வேறு மாதிரி புரிந்துகொண்டார்.

இருந்தாலும் தகரம் கேட்டது அவள்தான். அந்த நீள்வீட்டில் கதவுக்கு ஒரு குடும்பம், எல்லோர் தலைக்கும் ஒரே கூரை. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தகரத்துக்கு மாறிவிட்டார்கள். சுலாவின் பங்கில் மட்டும் பழைய பெலியான் மர ஓடுகள் பாசி பிடித்துக் கிடந்தன. மழை வந்தால் பரணில் மூல நெல் கூடைக்கு ஒரு சாண் தள்ளிச் சொட்டியது. மூல நெல் கடையில் கிடைக்காது. அந்தக் கதவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விதைத்து, அறுத்து, காத்து வந்த வித்து. அது கெட்டால் கெட்டதுதான்.

தகரம் வந்து இறங்கிய பிறகுதான் போடலாமா வேண்டாமா என்று அவளுக்கு யோசனை வந்தது. பொதுத் தாழ்வாரத்தில் பேச்சு நடந்தது.

"மாத்தித் தொலையேன்க்கா. உன் தண்ணி என் பக்கம் வழியுது," என்றான் பக்கத்துக் கதவு ஜெலியன்.

"உன் பரண்ல நெல்லு எங்கடா?"

"கீழ எறக்கிட்டேன். தகரம் போட்டதுலேருந்து மேல கொஞ்சம் சூடு."

"கொஞ்சமா? உன் பொண்டாட்டி அங்கதான் மீன் காயப்போடுறா."

தாழ்வாரம் சிரித்தது. நீள்வீட்டுத் தலைவர் குசாவ், துவாக் என்ற அரிசிக்கள் குவளையைக் கீழே வைத்தார்.

"சிரிச்சது போதும். இவன் வித்துல பாதி முளைக்கல. மிச்சத்தக் கீழ எலி பாத்துக்குது. சுலாவ், நனைய விடப் போறியா, வேக விடப் போறியா? அத மட்டும் சொல்லு."

சுலாவ் வெற்றிலையை மென்று முடித்தாள். "வெந்தா பாதியாச்சும் மிஞ்சும். தகரமே போட்டுடறேன்."

மறுநாள் காலையில் ஏறினாள். கடப்பாரைக்கு வேலையே இல்லை. கை வைத்ததும் முதல் ஓடு கழன்று வந்தது. ஆணி துருவாகி உதிர்ந்தது. கீழே எறிவதற்காகப் புரட்டியவளின் கை அப்படியே நின்றது.

ஓட்டின் அடிப்பக்கம் நேற்று பிளந்த மரம்போல் செம்பழுப்பாக இருந்தது. மேல்பக்கம் நரைத்திருந்ததே தவிர, அத்தனை மழையும் சேர்ந்து ஒரு நகக்கனம்கூடத் தின்னவில்லை. உதிர்ந்த ஆணியின் துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஆணித்துளை. அதற்கும் மேலே, கத்தியால் குடைந்த சதுரத் துளை. பிரம்பு கோத்துக் கட்டியது. அடுத்த ஓட்டிலும் மூன்று. அதற்கடுத்ததிலும் மூன்று. இந்த வீடு எழும்பியபோது அடித்த ஆணியின் துளை ஒன்றுதான். மற்ற இரண்டும் வேறு வீடுகளின் துளைகள். வாசலில் ஓடும் ஆற்றின் மேல்பகுதியில் எங்கோ இருந்து, பிறகு கைவிடப்பட்டு, காடாகிப்போன வீடுகள். வீட்டைவிட அதன் கூரைக்கு வயது அதிகம். ஆணியைக் கண்டிராத ஒருவன் குடைந்த துளைக்குள் அவள் விரலை விட்டுப் பார்த்தாள். விளிம்பு இன்னும் கூராக இருந்தது. ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு முகட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா, சேவல் கீவல் மேல ஏறிடுச்சா?" என்று கீழிருந்து ஜெலியன் குரல் கொடுத்தான்.

"ஓடு ஒழுகலடா. ஆணிதான் செத்துப்போச்சு. வந்து பாரு."

அவன் ஏறி வந்தான். ஓட்டை வாங்கித் தடவினான், விரல் கணுவால் தட்டினான். இரும்புபோல் ஒலித்தது. பிறகு பக்கத்தில் பளபளத்த தன் தகரத்தைப் பார்த்தான்.

"என் ஓடுங்கள எல்லாம் வித்துட்டேனேக்கா," என்றான்.

மழைக்காலம் தொடங்குவதற்குள் சுலாவ் தன் பங்கின் ஓடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபுறம் திருப்பி, புதுத் துளையிட்டு, துருப்பிடிக்காத ஆணி அடித்து அதே கூரையில் ஏற்றினாள். தகரத்தைப் பன்றிக் கொட்டகைக்குப் போட்டாள். மூல நெல்லைப் பரணிலேயே வைத்திருந்து, விதைப்பு நாளில் இறக்கி விதைத்தாள்.