வெறும் வலையில் எழுந்த சிகரம்

ஒன்றுக்காக ஏங்குகிறவர், அது கைக்கெட்டும்போது கையை நீட்டாமல் இருப்பாரா? ஆய்வகத்தில் அகச்சிவப்புக் கருவியை இயக்கிய அந்தப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழுகிறது.

அவருடைய கணவரும் எட்டு வயது மகளும் பத்து மணி நேர ரயில் தொலைவில் இருந்தார்கள். வினையூக்கி ஆய்வு முடிந்தால் அந்த ஊருக்கே மாற்றல் என்று பேராசிரியர் வாக்குக் கொடுத்திருந்தார்.

புகையிலுள்ள நச்சு வாயுவைத் தீங்கற்றதாக்கும் சீரியம் ஆக்சைடு என்ற பொடியைப் பற்றிய ஆய்வு அது. பொடியின் மேற்பரப்பு முழுவதும் வேலை செய்வதில்லை. ஆக்சிஜன் அணு கழன்றுபோன சில இடங்கள்தான் செய்கின்றன என்பது ஊகம். அந்த இடங்களைக் காட்ட வேண்டும். பொடியைக் கம்பிவலையில் அழுத்தி, சூடாக்கி ஈரத்தை விரட்டி, கார்பன் மோனாக்சைடைச் செலுத்துவார். வாயு எதில் ஒட்டியிருக்கிறது என்பதை வரைபடத்தில் எழும் சிகரம் சொல்லும்.

ஞாயிறுதோறும் மகள் தொலைபேசியில் கேட்பாள்.

"கிடைச்சுதாம்மா?"

"இன்னும் இல்லடா கண்ணு."

"உனக்குத் தேடவே தெரியாது. அப்பா கண்ணாடிய நான்தானே கண்டுபிடிச்சேன்? நான் வரட்டுமா?"

இரண்டாம் ஆண்டில் ஒரு சிறு சிகரம் எழுந்தது. எட்டு முறை செய்து பார்த்தார், எட்டு முறையும் அதே இடத்தில் நின்றது. கட்டுரை எழுதியாயிற்று. மாற்றல் உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருந்தது.

"என்னக்கா, மூட்ட கட்டியாச்சா? பாசத்துல மிஷினையும் தூக்கிட்டுப் போயிடாதீங்க" என்றார் சிலிண்டர் மாற்றுபவர்.

"வீட்ல ஒருத்தருக்குக் காப்பி ஊத்திக் குடுக்கவே முடியல. இது குளிர்ச்சிக்குன்னு திரவ நைட்ரஜனை வாளி வாளியா குடிக்குது" என்று சிரித்தார் அவர்.

கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க நினைத்தார். வழக்கமான அளவில் பாதிப் பொடியே மிச்சமிருந்தது. சிகரமும் பாதியாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. பிறகு பொடியே இல்லாமல் வெறும் வலையை மட்டும் வைத்து ஓட்டினார். அதே சிகரம். சிகரம் எழுவதற்குச் சற்று முன் டங்ஸ்டன் வலை கிழிந்தபோது, கைக்குக் கிடைத்த பிளாட்டினம் வலையை மாட்டியவர் அவர்தான். இத்தனை நாளும் வாயு ஒட்டியிருந்தது அந்தப் பிளாட்டினத்தில்.

பேராசிரியர் இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். "ஒரு வாரம் கழிச்சுப் பாத்திருக்கக் கூடாதாம்மா?" என்று சிரிக்க முயன்றார். கட்டுரையை இழுப்பறையில் போட்டு மூடினார். பிறகு உத்தரவில் கையெழுத்திட்டு நீட்டினார்.

"தப்பக் கண்டுபிடிச்சதுக்கு உங்களைப் புடிச்சு வைக்க மாட்டேன். போங்க. பொண்ணு காத்துட்டிருக்கும். இத வேற யாராவது பாத்துக்கட்டும்."

இதுவரை அந்தப் பெண் செய்ததில் வியக்க ஒன்றுமில்லை. அளப்பவரின் வேலை அது.

உத்தரவு வந்த செய்தியை அன்றே கணவருக்குச் சொன்னார். ஞாயிறன்று மகள் கேட்டாள்: "கிடைச்சுதாம்மா?"

"கிடைக்கல."

"அப்ப எப்ப வருவ?"

"கிடைச்சதும்."

கணவர் தொலைபேசியை வாங்கினார். "என்ன சொல்ற நீ? ஆர்டர் கையில வந்துடுச்சுன்னியே?"

மறுமுனையில் மகள் ஏதோ பாடிக்கொண்டே தூரப் போவது கேட்டது. அது கேட்காமல் போகும்வரை அவர் காதிலிருந்து தொலைபேசியை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை உத்தரவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புது டங்ஸ்டன் வலை கேட்டுச் சீட்டு எழுதினார்.