நான் கணித்த கோல் காப்பாளர்

இன்றைய உதைபந்தாட்டத்தில் எங்கள் கழகத்துக்கு யார் யார் இறங்குவார்கள் என்று திங்கட்கிழமை இங்கே கணித்துப் பதிவு போட்டேன். எல்லோரும் சிரித்தீர்கள். "முழங்கால் ஒப்பரேசன் செய்த துவாரகனையோ கோலுக்குப் போட்டிருக்கிறீர்?" என்று கேட்டீர்கள். அவன் முன்பு தடுத்த பெனால்டிகளை நான் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்று நிலாவெளி பஸ்ஸில் அந்தப் பதிவைப் போனில் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார்.

"தம்பி, இதை எழுதினது நீங்களோ?"

"ஓம் அம்மா."

"நான் துவாரகன்ட அம்மா. இனி விளையாட ஏலாது எண்டு வீட்டுக்குள்ளயே கிடந்தவன். உங்கட பதிவில தன்ட பேரைப் பார்த்திட்டு அடுத்த நாளே பயிற்சிக்குப் போனவன். இண்டைக்கு கிளவுஸை மறந்திட்டுப் போயிட்டான். அதைத்தான் கொண்டுபோறன்."

நாங்கள் இருவரும் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அணியை அறிவித்தார்கள். கோலுக்கு வேறொருவர். துவாரகன் மாற்று ஆட்டக்காரர். அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அதுக்கென்ன தம்பி, ஜேர்சி போட்டுக்கொண்டு இருக்கிறான் பாருங்கோ. உங்களுக்குத்தான் நன்றி" என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நன்றி, அம்மா.

பிழையான கணிப்புக்கு இப்படி நன்றி வாங்கிய ஆள் திருகோணமலையில் வேறு யாரும் இருந்தால் கீழே சொல்லுங்கள். சிரித்தவர்களும் வரலாம்.